ஒரே பெயரை மூன்று தரம் எழுதிய காலம்

எங்கட நாட்டு விண்ணப்பப் படிவங்களில் “முழுப்பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே “முதலெழுத்துகளுடன் பெயர்” என்று இன்னொரு கட்டம். முதலாவதைப் பார்த்தாலே இரண்டாவதை எழுதிவிடலாம். ஆனாலும் எழுதத்தான் வேணும். ஒரு எழுத்து மாறிவிட்டால் பிறகு எது சரியான பெயர் என்று நிரூபிக்க அலைய வேண்டியதும் நாங்கள்தான்.

செய்நிரல் எழுதுகிறவர்களும் இப்படியொரு படிவத்தைப் பல பத்தாண்டுகளாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிவத்தை யார் உருவாக்கினார்கள், அதிலிருந்து தப்ப என்னென்ன வழி தேடினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்குப் பைதன் பழக்கமாயிருக்கும். அதனால் கதையின் பெரும்பகுதியைப் பைதனை வைத்தே சொல்கிறோம். செய்நிரல் எழுதாதவர்களும் வாசிக்கலாம். கணக்கு ஒன்றும் இல்லை.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்ப்போம். ஒரு மாணவரைப் பற்றிய விபரங்களை வைத்திருக்க ஒரு வகுப்பு, அதாவது கிளாஸ், எழுதுகிறோம். வகுப்பு என்பது அச்சு மாதிரி. அந்த அச்சிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பொருள் பிறக்கும். பிறக்கும்போதே அதற்குரிய பெறுமதிகளை உள்ளே வைத்துவிடுகிற பகுதிக்குத்தான் கொன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். பைதனில் அந்த வேலையை, இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட “இனிட்” என்ற சார்பு செய்கிறது. தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

வகுப்பு மாணவர்:
    இனிட்(செல்ஃப், பெயர், வயது, பாடசாலை):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.வயது = வயது
        செல்ஃப்.பாடசாலை = பாடசாலை

(2008 இல் வந்த பைதன் 3.0 இலிருந்து மாறிகளுக்கு உண்மையிலேயே தமிழில் பெயர் வைக்கலாம். மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்க வேணும்.)

எண்ணிப் பாருங்கள். “பெயர்” என்ற சொல் மூன்று தரம் வருகிறது: அடைப்புக்குள் ஒன்று, சமன் குறிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வயதும் பாடசாலையும் அப்படியே. மூன்று விபரத்துக்கு ஒன்பது சொல். சரி, அதுக்கு என்ன? கதை இத்தோடு முடிவதில்லை. பொருளைத் திரையில் அச்சிட்டால் வாசிக்கக்கூடியதாக வரவேணும், அதற்கு இன்னொரு சார்பு. அதில் ஒவ்வொரு விபரமும் இரண்டு தரம். இரண்டு மாணவர் பொருள்கள் சமனா என்று பார்க்க மற்றொரு சார்பு. அதிலும் இரண்டு தரம். ஆக ஒரு விபரத்துக்கு ஏழு தரம், மூன்று விபரத்துக்கு இருபத்தொரு தரம். நாளைக்குத் “தொலைபேசி” என்று ஒன்றைச் சேர்க்க நினைத்தால் மூன்று சார்புகளையும் திறந்து ஏழு இடத்தில் கை வைக்கவேணும்.

இது வெறும் கைவலிப் பிரச்சினை இல்லை. இப்படியான வரிகளை எல்லோரும் கொப்பி அடித்துத்தான் எழுதுவார்கள். “செல்ஃப்.உயரம் = அகலம்” என்று ஒரு வரி தப்பித்தவறி நின்றுவிட்டால் பைதன் வாயே திறக்காது; இலக்கணப்படி அந்த வரி சரி. சமன் பார்க்கும் சார்பில் புதிய விபரத்தைச் சேர்க்க மறந்துவிட்டாலும் அப்படித்தான். வேறு வேறான இரண்டு பொருள்களை “ஒன்றுதான்” என்று அது சொல்லிக்கொண்டேயிருக்கும். சலிப்பான வரிகளை ஒருவரும் கூர்ந்து வாசிப்பதில்லை. அதனால்தான் பிழைகள் அங்கே போய் ஒளிந்துகொள்கின்றன.

தொடக்கத்தில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை

வரலாற்றைத் தேடிப்போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. வகுப்பு என்ற எண்ணத்தைச் செய்நிரல் உலகுக்குக் கொண்டுவந்த மொழி சிமுலா 67. ஒஸ்லோவில் இருந்த நோர்வே கணிப்பு மையத்தில் ஓலே-யொஹான் டால், கிறிஸ்டன் நியூகோர்ட் ஆகிய இருவரும் அதை உருவாக்கினார்கள். அந்த மொழியில் வகுப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எதைக் கேட்கிறோமோ, அதுவே பிறக்கும் பொருளின் பண்பாகிவிடும். திரும்ப ஒரு தரம் “இதை எடுத்து அதிலே வை” என்று சொல்லத் தேவையில்லை. வகுப்பின் உடலில் எழுதிய கட்டளைகள், பொருள் பிறக்கும்போது தாமாக ஓடும். 1967 இலேயே பெயரைத் திரும்பத் திரும்ப ஒப்புவிக்கத் தேவையில்லாத நிலை இருந்தது.

பிறகு எப்படி அது தொலைந்தது? பியான் ஸ்ட்ரவுஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது சிமுலாவைப் பயன்படுத்தியவர். அதன் வகுப்புகள் அவருக்குப் பிடித்திருந்தன, வேகம்தான் பிடிக்கவில்லை. 1979 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சி மொழியோடு வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு சி பிளஸ் பிளஸ் ஆனது. சி மொழியில் தரவுக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் என்பதைத் தனியே அறிவிக்கவேணும். சார்பு என்பது வேறொன்று. அந்தப் பழக்கத்தோடு சேர்ந்ததால் பண்புகளை ஒரு இடத்தில் அறிவிப்பதும், கொன்ஸ்ட்ரக்டரை இன்னொரு இடத்தில் தனிச் சார்பாக எழுதுவதும் வழமையாயிற்று. இதில் நன்மை இல்லாமலில்லை. ஒரே வகுப்புக்குப் பல கொன்ஸ்ட்ரக்டர்கள் எழுதலாம். வரும் பெறுமதியைச் சோதித்து, மாற்றி, பிறகு உள்ளே வைக்கலாம்.

ஆனால் அந்த வசதி தேவைப்படாத வகுப்புகளும் அதே விலையைக் கொடுத்தன. 1995 இல் வெளிவந்த ஜாவா இதே வழியில் போனது. அங்கே பண்பை அறிவிக்க ஒரு தரம், கொன்ஸ்ட்ரக்டருக்கு மூன்று தரம் என்று மொத்தம் நான்கு. நெதர்லாந்தில் குய்டோ வன் றொஸம் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட பைதனில் பண்புகளை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கமே இல்லை. ஒரு பெயருக்குப் பெறுமதி கொடுத்த அந்த நொடியில் பண்பு பிறக்கும். சுதந்திரம்தான். ஆனால் இனிட்டுக்குள் ஒவ்வொன்றாக எழுதினால்தான் அது பிறக்கும்.

செய்நிரலை எழுதும் செய்நிரல்

தப்பும் வழி வேறொரு குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தது. ஜோன் மக்கார்த்தி 1958 இல் எம்.ஐ.ரி. யில் தொடங்கிய லிஸ்ப் மொழியில், செய்நிரலும் தரவும் ஒரே வடிவம்தான், இரண்டுமே பட்டியல்கள். ஆகவே ஒரு செய்நிரல், எண்களின் பட்டியலைக் கையாளுவது மாதிரியே, இன்னொரு செய்நிரலையும் வெட்டி ஒட்டிச் செய்யலாம். 1963 இல் திமொதி ஹார்ட் இந்த வாய்ப்பைப் பிடித்து லிஸ்ப்புக்கு மக்ரோ என்ற வசதியை முன்மொழிந்தார். நாங்கள் சுருக்கமாக எழுதுவதை, ஓடுவதற்கு முன்னர் மக்ரோ விரித்து முழுச் செய்நிரலாக்கிவிடும்.

மெட்டா செய்நிரலாக்கம் என்று சொல்வது இதைத்தான். சொல்லைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. இடியப்ப உரல் இடியப்பம் பிழியும். உரலையே செய்துதருகிற பட்டறை ஒன்று இருக்குமல்லவா, அந்தப் பட்டறை வேலைதான் மெட்டா. மாணவர் விபரத்தைக் கையாளுவது சாதாரண செய்நிரல். “மாணவர்” என்ற வகுப்பையே கையாளுவது மெட்டா செய்நிரல்.

1984 இல் கை ஸ்டீல் எழுதிய நூலில் விபரிக்கப்பட்ட கொமன் லிஸ்ப்பில் “டெஃப்ஸ்ட்ரக்ட்” என்று ஒரு மக்ரோ இருந்தது. பண்புகளின் பெயர்களை ஒரே ஒரு தரம் கொடுத்தால் போதும். கொன்ஸ்ட்ரக்டரையும், ஒவ்வொரு பண்பையும் எடுத்துப் பார்க்கும் சார்பையும், “இது அந்த வகையா” என்று சோதிக்கும் சார்பையும் அதுவே எழுதிக்கொடுக்கும். அதே சமயம் செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் வளர்ந்த ஸ்மோல்டோக் 80 இல் வகுப்புகளே பொருள்களாக இருந்தன. அவற்றைப் பிறப்பிக்கும் வகுப்புக்கு மெட்டா கிளாஸ் என்று பெயர். இந்த இரண்டு எண்ணங்களும்தான் பின்னால் வந்த மொழிகளுக்கு முதுசம்.

பைதன் வழி: தந்திரங்களிலிருந்து நூலகம் வரை

பைதனில் வகுப்பும் ஒரு பொருள்தான். செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடித்து மாற்றலாம். இந்தச் சுதந்திரத்தை வைத்துக் கனபேர் தங்கள் தங்கள் தந்திரங்களை எழுதிக்கொண்டார்கள். மிகச் சுலபமானது, எந்தப் பெயரில் என்ன வந்தாலும் வாங்கி அப்படியே பண்பாக வைத்துவிடுவது. ஒரே ஒரு வளையம், இரண்டு வரி, வேலை முடிந்தது.

ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. “வயது” என்று அனுப்ப வேண்டிய இடத்தில் ஒருவர் “வயசு” என்று அனுப்பிவிட்டார் எண்டு வையுங்கள். தந்திரம் மறுபேச்சில்லாமல் வாங்கி “வயசு” என்ற புதுப் பண்பை உருவாக்கிவிடும். கையால் எழுதிய இனிட் என்றால் அந்த இடத்திலேயே “இப்படி ஒரு பெயர் எனக்குத் தெரியாது” என்று நிறுத்தியிருக்கும். சலிப்பைக் குறைக்கப்போய், அந்தச் சலிப்பான வரிகள் தந்துகொண்டிருந்த காவலையும் சேர்த்து எறிந்துவிட்டோம். இந்தப் பாடம் முக்கியம். வரியைக் குறைப்பது மட்டும் போதாது. அந்த வரி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்து, அந்த வேலையையும் யாராவது செய்யவேணும்.

2008 இல் பைதன் 2.6 இரண்டு விடயங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, றேமண்ட் ஹெற்றிங்கர் எழுதிய “நேம்ட்டியூப்பிள்”. பண்புகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் ஒரு முழு வகுப்பையே உருவாக்கித் தரும். அது அந்த நாளில் வேலை செய்த விதம் சுவாரசியமானது. வகுப்பின் மூலத்தை வெற்று இடங்களோடு ஒரு எழுத்துத்தொடராக உள்ளே வைத்திருந்தது. எங்கள் பெயர்களை அந்த இடங்களில் நிரப்பி, வரும் எழுத்தைப் பைதனிடமே கொடுத்து “இதை ஓட்டு” என்றது. பட்டறையை ஒளிவுமறைவில்லாமல் காட்டிய முறை.

ஆனால் அது அடிப்படையில் ஒரு வரிசைதான். ஆகவே (3, 4) என்ற புள்ளியும் (3, 4) என்ற அளவும் சமன் என்று அது சொல்லும், வகைகள் வேறு வேறாக இருந்தாலும். உள்ளே இருக்கும் பெறுமதியை மாற்றவும் ஏலாது. சில வேலைக்கு அது நல்லது, எல்லா வேலைக்கும் இல்லை.

2.6 கொண்டுவந்த மற்றையது, வகுப்புக்கு மேலே போடும் டெக்கரேட்டர். எழுதி முடித்த வகுப்பை ஒரு சார்பின் கையில் கொடுத்து, அது திருத்தித் தருவதை வாங்கிக்கொள்ளும் வசதி. மெட்டா கிளாஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை, அந்தச் சிக்கல் இல்லாமல் செய்ய இது வழிவிட்டது.

இந்தக் கதவால் உள்ளே வந்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த ஹினெக் ஷ்லவாக். முதலில் “கரக்டரிஸ்டிக்” என்ற நூலகத்தை எழுதினார். அதில் கற்றதை வைத்து 2015 இல் “அட்டர்ஸ்” என்ற நூலகத்தை வெளியிட்டார். பண்பின் பெயரை ஒரு தரம் எழுதுங்கள், இனிட்டும் அச்சிடும் சார்பும் சமன் பார்க்கும் சார்பும் நான் தருகிறேன் என்றது அட்டர்ஸ். வரிசையாக வேஷம் போடாமல், கையால் எழுதியிருந்தால் எப்படி இருக்குமோ அதே மாதிரியான சாதாரண வகுப்பைத் தந்தது. “வயசு” என்று அனுப்பினால் நிறுத்தியது. 2016 ஒகஸ்டில், ட்விஸ்டட் என்ற நூலகத்தைத் தொடங்கியவரான கிளிஃப் லெஃப்கோவிட்ஸ், எல்லோருக்கும் தேவையான ஒரே பைதன் நூலகம் இதுதான் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு அட்டர்ஸ் பரவலாகப் பேசப்பட்டது.

மொழிக்குள் நுழைந்தது

அப்போது இயல்பாக ஒரு கேள்வி வந்தது. எல்லோருக்கும் தேவை என்றால் அது ஏன் மொழியோடு சேர்ந்தே வரக்கூடாது? அதேநேரம் 2016 டிசம்பரில் வந்த பைதன் 3.6 இல், வகுப்புக்குள் ஒரு பெயரையும் அதன் வகையையும் “வயது: முழுஎண்” என்பதுபோல் எழுதிவைக்கும் வசதி கிடைத்திருந்தது. எரிக் ஸ்மித் இதை அடித்தளமாக வைத்து 557 ஆம் இலக்க முன்மொழிவை எழுதினார். 2018 யூனில் வந்த பைதன் 3.7 இல் “டேட்டா கிளாஸ்” பிறந்தது.

அட்டர்ஸையே ஏன் அப்படியே எடுத்து உள்ளே போடவில்லை என்ற கேள்விக்கும் அந்த முன்மொழிவு இடம் கொடுத்தது. மொழியோடு வரும் நூலகம் மெல்லத்தான் நகரும்; அட்டர்ஸ் வேகமாக நகர்வது. உள்ளே போட்டால் அதன் கால் கட்டப்பட்டுவிடும். ஆகவே எளிமையான பகுதி மொழிக்குள் வந்தது. பெறுமதியைச் சோதிப்பது, மாற்றுவது போன்றவை அட்டர்ஸிடமே இருந்தன. அட்டர்ஸ்தான் தனக்குத் தூண்டுதல் என்பதை அந்த முன்மொழிவு வெளிப்படையாக எழுதிவைத்தது. கருத்துச் சொன்னவர்களில் ஷ்லவாக்கும் ஒருவர். ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து, யார் செய்தது என்று பெயர் சொல்லி மரியாதையோடு முன்கொண்டுபோன சம்பவம் இது. எல்லாத் துறையிலும் இப்படி நடப்பதில்லை.

டேட்டா கிளாஸ் செய்வது மந்திரம் இல்லை. டெக்கரேட்டர் வகுப்பைக் கையில் வாங்கும். அதில் எழுதியிருக்கும் பெயர்களையும் வகைகளையும் வாசிக்கும். இனிட் சார்பின் மூலத்தை எழுத்தாகக் கட்டும். அதைப் பைதனிடம் கொடுத்து ஓட்டி, கிடைக்கும் சார்பை வகுப்பில் மாட்டிவிடும். இவ்வளவும் வகுப்பு உருவாகும்போது ஒரே ஒரு தரம் நடக்கிறது. பிறகு அது கையால் எழுதிய சார்பு மாதிரியே ஓடும்.

மற்ற மொழிகளிலும் இதே தாகம். ஸ்காலா 2004 இலேயே கேஸ் கிளாஸோடு வந்தது. 2016 பெப்ரவரியில் 1.0 பதிப்பு கண்ட கொட்லினில் டேட்டா கிளாஸ் இருந்தது. வகுப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே பண்புகளை எழுதலாம். ஜாவாக்காரர்கள் 2009 இலிருந்து லொம்பொக் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது தொகுப்பானின் உட்பகுதிக்குள் கைவிட்டு இல்லாத சார்புகளைச் சேர்த்தது. கனபேர் விரும்பினார்கள், தொகுப்பான் உள்ளே மாறினால் என்ன நடக்கும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். 2021 மார்ச்சில் ஜாவா 16 ரெக்கோர்ட் என்பதை நிரந்தரமாக்கியது. 2020 நவம்பரில் பி.எச்.பி. 8.0, கொன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குள்ளேயே பண்பை அறிவிக்க விட்டது. எல்லோரும் வெவ்வேறு வழியால் வந்து சேர்ந்த இடம், 1967 இல் ஒஸ்லோவில் தொடங்கிய அதே இடம்தான்.

குறைக்கும்போது எதை இழக்கிறோம்?

எதிர்ப்புக் குரல்களையும் கேட்கவேணும். கண்ணுக்குத் தெரியாத வரி, தெரியாத வரிதான். டேட்டா கிளாஸில் “வயது: முழுஎண்” என்று எழுதிவிட்டால் எண் மட்டும்தான் வரும் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். அது பொய். “பதினாறு” என்று எழுத்தாக அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். வகையைச் சோதிப்பது அதன் வேலை இல்லை. தாய் வகுப்பில் இயல்பான பெறுமதியோடு ஒரு பண்பு இருந்து, பிள்ளை வகுப்பில் அப்படி இல்லாத ஒன்றைச் சேர்த்தால், உருவாக்கப்படும் இனிட்டின் வரிசை குழம்பி வகுப்பே பிறக்க மறுக்கும். பெயர் சொல்லித்தான் அனுப்பவேணும் என்று கட்டாயப்படுத்தி இதைத் தாண்டும் வழி 2021 இல் 3.10 இல்தான் வந்தது.

ஆனால் அதே கருவி ஒரு பழைய பொறியை மூடியும் இருக்கிறது. பைதனில் இயல்பான பெறுமதியாக ஒரு வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், பிறக்கும் எல்லாப் பொருள்களும் அந்த ஒரே பட்டியலைப் பங்குபோடும். ஒரு மாணவருக்குச் சேர்த்த பாடம் எல்லா மாணவருக்கும் சேர்ந்துவிடும். டேட்டா கிளாஸ் அதைக் கண்டவுடன் பிழை சொல்லி நிறுத்தி, ஒவ்வொரு பொருளுக்கும் புதுப் பட்டியல் செய்யும் வழியைக் கேட்கும். “வயசு” தந்திரம் காவலை எறிந்தது. இது ஒரு காவலைக் கூட்டியிருக்கிறது. நல்ல மெட்டா செய்நிரலுக்கும் வெறும் தந்திரத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் விளங்கும்.

இன்றைக்கு உங்களில் பலர் கேட்கக்கூடும்: செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருபத்தொரு தரத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் எழுதித் தருமே, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? எழுதுவது இலேசாகிவிட்டது, உண்மைதான். ஆனால் அந்த வரிகள் கோப்பில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர், அநேகமாக வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அவற்றை வாசித்து ஒரு பண்பைச் சேர்க்கவேணும். ஏழு இடத்தில் ஒன்றை விட்டுவிட்டால் பழி அவருக்குத்தான் வரும். எழுதுகிற கை எவ்வளவு வேகமானாலும் வாசிக்கிற கண்ணின் வேகம் அப்படியேதான் இருக்கிறது. மெட்டா செய்நிரல் அந்த வரிகளை வேகமாக எழுதவில்லை, இல்லாமலேயே ஆக்கியது. இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே பைதன் படிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். முதலில் ஒரு வகுப்பையாவது இனிட், அச்சிடும் சார்பு, சமன் பார்க்கும் சார்பு மூன்றையும் வைத்து முழுதாகக் கையால் எழுதுங்கள். பிறகு அதையே டேட்டா கிளாஸாக மாற்றுங்கள். மாற்றியபின் “இன்ஸ்பெக்ட்” என்ற நூலகத்தைக் கொண்டு இனிட் என்னென்ன பெறுமதிகளைக் கேட்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதாத சார்பு உங்கள் பெயர்களோடு அங்கே நிற்கும். அதன் மூலத்தைக் காட்டு என்று கேட்டால் டேட்டா கிளாஸால் காட்டேலாது, ஏனென்றால் எந்தக் கோப்பிலும் அது இல்லை. அட்டர்ஸ் அப்படி விட்டுவிடவில்லை. தான் உருவாக்கிய வரிகளைப் பிழைதிருத்தும் கருவிகள் வாசிக்கக்கூடிய இடத்தில் எழுதிவைக்கிறது, தேவைப்பட்டவர் வரி வரியாக உள்ளே போய்ப் பார்க்கட்டும் என்று.